சரக்குடன் சென்றது: ஒன்று

யூஜின் டிரெனர் தம் வாழ்நாளில் அரசாங்க வேலை பார்த்தது ஒரே ஒரு நாள். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை. ஒரு நாட்டின் ஆவணங்களில் ஒரு தப்பு நுழைய அவ்வளவு நேரம் தேவையில்லை. இருந்தாலும் தாராளமாகக் கொடுத்திருந்தார்கள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகப் போகிறது, போனால் மோனகன் மாவட்டத்துக் கோடியில் இருக்கிற டிரம்கிலா என்ன ஆகும் என்று தலைநகர் டப்ளினில் கவலைப்பட ஆரம்பித்திருந்தார்கள். டிரம்கிலாவைப் பற்றி டப்ளின் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆகவே எண்ணத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து வடக்கே போகிற சாலை, ஷெரி வீட்டு முன்வயலைத் தாண்டியதும் பிரிட்டன் ஆளும் வடபகுதிக்குள் நுழைந்துவிடும். நுழைந்ததே தெரியாது, தார் மட்டும் கொஞ்சம் கறுப்பாகும். அந்த இடத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை ஒரு நாள் முழுக்க எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் கேன்களை எண்ணி ஓய்வு பெற்றவர் யூஜின். எண்ணுவதற்குத் தம்மைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று பெயரைக் கொடுத்தார். தேதி வந்தது. அக்டோபர் பதினெட்டு, வியாழக்கிழமை.

பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை மெல் ஷெரி இறந்துபோனார். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். தம் லாரியைக் கழுவிக்கொண்டே இருந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். யூஜினும் அவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அடக்கம் வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு.

டிரம்கிலாவில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் யோசிப்பார்கள். சாவுக்கு யோசிக்கிற வழக்கம் கிடையாது. பத்து வருஷம் பேசாமல் இருந்தவனும் வந்து, கையைக் குலுக்கி, "உங்க துக்கத்துக்கு வருந்தறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி பேசாமல் இருப்பான். வராமல் இருப்பது மட்டும் முடியாது.

யூஜின் டப்ளினுக்குப் போன் போட்டார்.

"தயார்நிலைப் பிரிவு, உதவி மையம், சொல்லுங்க."

"அம்மா, வியாழக்கிழமைக்குப் பதிலா வெள்ளிக்கிழமை உக்காந்துக்கட்டுமா? இங்க ஒரு சாவு."

"அந்தத் தேதிய யாரும் தேர்ந்தெடுக்கல சார். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுத்தது. நாம மாத்தினா அப்புறம் அது குலுக்கலே இல்லியே."

"சாவையும் யாரும் தேர்ந்தெடுக்கலம்மா."

"பாத்தீங்களா, ரெண்டும் பொருந்தி வருது. அப்ப வியாழக்கிழமையே வெச்சுக்கலாம்."

வைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பலகை. பலகையில் நாலு பொத்தான்: கார், வேன், லாரி காலியாக, லாரி சரக்குடன். பலகையைத் திருப்பினால் திரும்பி வருகிற வண்டிகளுக்கும் அதே நாலு. கட்டைவிரலால் அமுக்கினால் 'டிக்' என்று ஒன்று கூடும். கூடவே ஒரு கையேடு. எண்ணுபவர் நாற்காலியை விட்டு நகரக் கூடாது. யாரிடமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. குறிப்பு எழுத இடம் கிடையாது; போன தடவை இடம் விட்டதில் மக்கள் குறிப்பு எழுதிவிட்டார்கள் என்று கையேடே வருத்தப்பட்டிருந்தது.

பத்து மணி வரை ஏழு கார், ஒரு தபால் வேன். பத்தே காலுக்கு யூஜினுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. டிரம்கிலா கத்தோலிக்கப் பங்குக்குக் கோயில் இந்தப் பக்கம். கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம். நூறு வருஷத்துக்கு முன்னால் எல்லைக் கோடு போட்டவர்கள் செத்தவர்களைக் கேட்கவில்லை. பூசை முடிந்து மெல் இந்த வழியாகத்தான் வருவார். மறுபடியும் போன் போட்டார்.

"சவ வண்டிய எதுலம்மா போடறது? நாலு பொத்தான்தான் இருக்கு."

"உள்ள இருக்கிறவங்க தானா இறங்கிப் போவாங்களா சார்?"

யூஜின் யோசித்தார். மெல்லைத் தெரிந்தவர் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே யோசித்தார்.

"மாட்டாங்க."

"தானா இறங்காதது எல்லாம் சரக்கு. அப்ப 'லாரி சரக்குடன்'. திரும்பி வரும்போது?"

"திரும்பி வரும்போது அவர் இருக்க மாட்டார்."

"அப்ப 'காலியாக'. பாருங்க, எவ்வளவு சுலபம்!"

பதினொன்றே முக்காலுக்கு வந்தார்கள். முதலில் மெல்லின் சொந்த லாரி, பாதி கழுவியதைச் சிநேகிதர்கள் மீதியும் கழுவி, முகப்பில் வெள்ளைப் பூ கட்டி ஓட்டி வந்தார்கள். டிக். அதன் பின்னால் சவ வண்டி. யூஜின் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். இடது கை தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டது. வலது கைக் கட்டைவிரல் 'சரக்குடன்' பொத்தானை அமுக்கியது. டிக். அதன் பின்னால் குடும்பத்தின் கார். கண்ணாடிக்குப் பின்னால் மெல்லின் மனைவி டிம்ப்னா. டிக்.

அதற்கப்புறம் லாரிகள். துறைமுகங்களில் கப்பலுக்குக் காத்திருந்தபோது மெல்லோடு டீ குடித்தவர்கள், பனியில் சிக்கியபோது மெல் சங்கிலி போட்டு இழுத்து விட்டவர்கள், தெற்குக் கோடி ஊரான கார்க்கிலிருந்தும் மேற்குக் கரைக் கால்வேயிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு லாரியோடு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அந்தக் கறுப்புத் தாரில் சக்கரம் ஏறும்போது ஒரு தடவை ஹாரனைத் தொட்டார்கள். மெல்லின் லாரியையும் சேர்த்து அறுபத்து மூன்று. அப்புறம் நானூற்றுப் பன்னிரண்டு கார். யூஜினின் கட்டைவிரல் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அடக்கம் முடிந்து ஓட்டலில் சூப்பும் சாண்ட்விச்சும் சாப்பிட அத்தனை பேரும் அதே வழியில் திரும்பினார்கள். அத்தனை டிக் மறுபடியும்.

பங்கில் படுக்கையில் கிடந்த இரண்டு பேரைத் தவிர மெல்லின் அடக்கத்துக்குப் போகாதவர் யூஜின் ஒருவர்தான்.

அன்று சாயங்காலமே டிம்ப்னா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பலகையை ஒப்படைத்ததும் போகலாம் என்று நினைத்தார். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தார். நாளைக்குப் போனால் நேற்று ஏன் வரவில்லை என்பதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் ஒரு வாரத்துக்கும் சேர்த்து. இப்படிச் சேர்ந்துகொண்டே போனதில், கிறிஸ்துமஸுக்குள் அவர் ஷெரி வீட்டைத் தாண்டாமல் கடைக்குப் போக மூன்று மைல் சுற்றுகிற பழக்கத்துக்கு வந்திருந்தார்.

ஜனவரியில் ஒரு நாள் கடைக்காரி பெர்னி கேட்டாள்:

"கேள்விப்பட்டியா யூஜின்? டிம்ப்னாவோட முன்வயலை எடுத்துக்கப் போறாங்களாம்."

"யாரு?"

"மஞ்சச் சட்டை போட்ட ரெண்டு பேர் வந்து அளந்துட்டுப் போயிருக்காங்க. லாரிய நிறுத்திச் சோதிக்க இடம் வேணுமாம்."

"எந்த லாரிய?"

"அதத்தான் நானும் கேட்டேன். இந்த ரோட்டுல தினமும் அறுபத்து நாலு லாரி போகுதாம். நான் இங்க இருபத்தாறு வருஷமா உக்காந்திருக்கேன், ரொட்டி வேன் ஒண்ணுதான் வருது, அதுவும் பாதி நாள் லேட்டு. எந்தக் குருடன்டா இத எண்ணினான்னு கேட்டேன். அந்தப் பேர ரகசியமா வெச்சிருக்காங்களாம்."

ரொட்டி வாங்கப் போன யூஜின் நாய் பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்தார். அவரிடம் நாய் கிடையாது.

டிம்ப்னாவிடம் பதினோரு பசு. மெல்லின் வருமானம் நின்ற பிறகு அவளுக்கு வேறொன்றும் இல்லை. மற்ற வயலெல்லாம் கோரை முளைத்த சேறு. மாடு நிற்கிற காய்ந்த நிலம் அந்த முன்வயல் ஒன்றுதான். அது போனால் பசுக்கள் போகும். பசுக்கள் போனால் அவளும் இங்கிலாந்திலிருக்கிற மகள் வீட்டு மாடியறைக்குப் போக வேண்டியதுதான்.

பிப்ரவரியில் பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டப்ளினிலிருந்து கோர்மாக் ஹாலினன் வந்தார். தயார்நிலைப் பிரிவின் துணை முதன்மை அலுவலர். நல்ல மனிதர், யாரைப் பார்த்தாலும் உடனே பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தப்பான பெயராக இருந்தாலும். திரையில் படம் போட்டு ஆரம்பித்தார்.

"முதல்ல ஒண்ணத் தெளிவாச் சொல்லிடறேன். இங்க எல்லை கிடையாது. எல்லையில எந்தக் கட்டடமும் வராது. அது அரசாங்கத்தோட உறுதியான கொள்கை. அந்தக் கட்டடம் எந்த இடத்துல வருதுன்னு விளக்கத்தான் இன்னிக்கு வந்திருக்கேன்."

மண்டபம் அமைதியாகக் கேட்டது.

"ரெண்டாவது, இது திட்டம் இல்ல. திட்டம் போட்டிருக்கோம்னு சொன்னா, பிரிட்டன் போறத நாம ஏத்துக்கிட்டதா ஆயிடும். திட்டம் போடலன்னு சொன்னா, நாம பொறுப்பில்லாதவங்களா ஆயிடுவோம். அதனால திட்டமில்லாத ஒரு தயார்நிலைய முழுமையாத் திட்டமிட்டிருக்கோம். அது முந்நூத்துப் பத்துப் பக்கம்."

"அத நாங்க படிக்கலாமா?" என்றாள் பெர்னி.

"இல்லாத ஒண்ண எப்படிங்க படிக்கக் கொடுக்கறது?" ஹாலினன் அன்பாகச் சிரித்தார். "ஆனா உங்க ஊரு அதுல எழுபத்தெட்டாம் பக்கத்துல இருக்கு. பெருமைப்படலாம்."

அடுத்த படம். டிரம்கிலா வழித்தடம். தடித்த சிவப்பு அம்பு ஒன்று ஷெரி வீட்டு வயல் வழியாக வடக்கே பாய்ந்தது.

"ஒரே நாள்ல வடக்கு நோக்கி அறுபத்து நாலு கனரக வாகனம். இத முந்நூத்து அறுபத்தஞ்சால பெருக்கினா வருஷத்துக்கு இருபத்து மூவாயிரத்து முந்நூத்து அறுபது. ஆனா நிபுணர்கள் ஆச்சரியப்பட்டது வேற விஷயத்துக்கு. இந்த அறுபத்து நாலுல சரக்கோட போனது ஒரே ஒரு வண்டி. மீதி அறுபத்து மூணும் காலி. திரும்பி வரும்போது எல்லாமே காலி. இதுக்கு என்ன அர்த்தம்? ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்துக்கிட்ட மூணு மாசம் ஆராயச் சொன்னோம். அறுபத்து மூணு காலி லாரி பாதுகாப்புக்குக் கூடப் போகணும்னா, அந்த ஒரு வண்டியில இருந்தது விலை மதிக்க முடியாத சரக்கு. இதான் அவங்க முடிவு."

மூன்றாவது வரிசையிலிருந்து டிம்ப்னா கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அது என்ன சரக்குன்னு கண்டுபிடிச்சாங்களா?"

"அது வணிக ரகசியமா இருக்கலாம், டெய்சி. இன்னும் விசாரிக்கிறோம்."

பெர்னி திரையின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள். உதடு அசைய ஒரு தடவை படித்தாள். "அக்டோபர் பதினெட்டு," என்றாள். "அன்னிக்குத்தானே நாம மெல்லை..." அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருநூறு பேர் மூச்சை உள்ளே இழுத்தார்கள். யாரும் வெளியே விடவில்லை. டிம்ப்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசையில் யூஜின் எழுந்தார். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணினது நான்தான். அது வழித்தடம் இல்ல. சவ ஊர்வலம்."

ஹாலினன் காகிதங்களைப் புரட்டினார். "அப்ப எண்ணிக்கை தப்பா?"

"இல்ல. எண்ணிக்கை சரி."

"அத்தனை வண்டியும் போச்சா?"

"போச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"என் கண்ணால."

"அப்புறம் பிரச்சினை என்ன, ஓவன்? வண்டி எதுக்குப் போகுதுன்னு நாங்க கேக்கறதில்ல. காரணம் கேக்க ஆரம்பிச்சா அது எல்லைச் சோதனை ஆயிடும். அது நம்ம கொள்கைக்கு விரோதம்."

"அப்ப உங்க கணக்குப்படி," என்றாள் பெர்னி, "வருஷத்துல முந்நூத்து அறுபத்தஞ்சு நாளும் தினம் ஒரு மெல் ஷெரி சாகணும்."

"அந்த அனுமானத்துலதான் போயிட்டிருக்கோம்," என்றார் ஹாலினன். "கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்."

டிம்ப்னா கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வரிசையை விட்டு வெளியே வந்து, யூஜினைத் தாண்டி நடந்து போனாள். தாண்டும்போது அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை என்று யூஜினுக்குத் தோன்றியது.

அவர் டப்ளினுக்கு ஏழு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது. ஆறாவது பதிலில், அவருடைய ஈடுபாட்டைப் பாராட்டி, அடுத்த கணக்கெடுப்புக்கும் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழாவதுக்குப் பதில் அவருக்கு வரவில்லை. டிம்ப்னா வீட்டுக்கு வந்தது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளே ஒரு மத்தியானம் யூஜின் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த யூஜினுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"உள்ள வரச் சொல்ல மாட்டியா?"

"வா... வா டிம்ப்னா. டீ?"

"வேணாம். பேனா எடு. உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்."

கடிதம் மெல் ஷெரியின் பெயருக்கு வந்திருந்தது. 'அன்புள்ள ஏற்றுமதியாளரே' என்று தொடங்கியது. அக்டோபர் பதினெட்டாம் தேதி அனுப்பிய சரக்குக்கு ஏற்றுமதிப் பதிவு எண் இல்லை. உடனே படிவத்தைப் பூர்த்தி செய்து தாமே நேரில் வந்து கொடுக்கவும்.

"டிம்ப்னா, இத நான் டப்ளினுக்கு..."

"எழுது. முதல் கேள்வி. சரக்கு எந்த நாட்டுல உற்பத்தியாச்சு?"

யூஜின் பேனாவைப் பிடித்தபடி முழித்தார்.

"அந்தப் பக்கம் பொறந்தவர்தானே. ஆஸ்பத்திரி அங்கதான இருந்தது. பிரிட்டன்னு போடு."

"அப்ப இது மறு ஏற்றுமதி. கீழ இன்னொரு கட்டம் இருக்கு."

"அதையும் போடு. அடுத்தது?"

"சீக்கிரம் கெட்டுப்போகக் கூடிய பொருளா?"

"மூணு நாள் தாங்கினார்னு போடு."

"டிம்ப்னா!"

"அடுத்தது படி."

"சரக்கு... திரும்பி வரும்னு எதிர்பார்க்கிறீர்களா?"

டிம்ப்னா கொஞ்சம் யோசித்தாள். "கடைசி நாள்ல எல்லாரும் எழுந்து வருவாங்கன்னு சாமியார் சொல்றார். 'ஆம், தேதி தெரியாது'ன்னு எழுது."

யூஜின் எழுதினார். எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"நான் உன்னப் பாத்தேன், யூஜின்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தொப்பிய எடுத்தே. பாத்தேன். கட்டைவிரலையும் பாத்தேன். அவருக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு."

"எந்திரிச்சுப் பின்னாலயே நடந்திருக்கணும். பலகையத் தூக்கிப் போட்டுட்டு."

"ஆமா, நடந்திருக்கணும். போட்டிருக்கணும்." அவள் அதில் எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை. "ஆனா அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. வேலைன்னு வந்தா மெல்லும் அப்படித்தான், எங்கப்பா சாவுக்கு ஹாலந்துல பன்னிப் பண்ணை வாசல்ல நின்னுட்டிருந்தார். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். அக்டோபர்ல பாத்தேன். நவம்பர்ல பாத்தேன். டிசம்பர்ல நீ மூணு மைல் சுத்திப் போறேன்னு பெர்னி சொன்னா."

யூஜின் கீழே வைத்த பேனாவுக்கு மூடி போட்டார்.

"இன்னொண்ணு சொல்லட்டுமா? எனக்குக் கார்ல பின்னால திரும்பிப் பாக்கத் தெம்பில்ல. யாரு வந்தாங்க, எத்தனை பேரு, ஒண்ணும் தெரியாது. நிறையக் கூட்டம்னு எல்லாரும் சொன்னாங்க. எல்லாச் சாவுக்கும் அப்படித்தான சொல்லுவாங்க? அறுபத்து மூணு லாரின்னு எனக்குச் சொன்னது அந்த டப்ளின்காரந்தான். மண்டபத்துல, திரையில, பெரிசா எழுதி. வீட்டுக்குப் போய் எத்தனை தடவை சொல்லிப் பாத்தேன் தெரியுமா? கார்க்லேர்ந்துகூட வந்தாங்களா?"

"வந்தாங்க. கார்க்லேர்ந்து நாலு. ஒவ்வொருத்தரும் ஹாரன் அடிச்சாங்க."

"அது கேட்டுச்சு," என்றாள் டிம்ப்னா. "எத்தனைன்னுதான் தெரியல."

மார்ச் முதல் வாரம் ஹாலினன் மறுபடி வந்தார், இந்தத் தடவை டிம்ப்னாவின் சமையலறைக்கே. யூஜினையும் வரச் சொல்லியிருந்தார். டிம்ப்னா டீ கொடுத்தாள். ஹாலினன் வேண்டாம் என்றார். கேட்கவில்லை என்பதுபோல ஊற்றினாள். சும்மா பாதிக் கோப்பை என்றார். முழுக் கோப்பையும் இரண்டு ஹாம் சாண்ட்விச்சும் வைத்தாள். அவர் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, தோல் பையைத் திறந்தார்.

"நல்ல செய்தி கொண்டுவந்திருக்கேன். மறு ஏற்றுமதிப் படிவம் எங்க மேலதிகாரி வரைக்கும் போச்சு. அவர் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டிருந்தார். இந்த விஷயத்த முடிச்சுடலாம்னு சொல்லிட்டார்."

"வயலு?" என்றாள் டிம்ப்னா.

"உங்களுக்கே. ஒரே ஒரு கையெழுத்துதான் வேணும்." யூஜின் முன்னால் ஒரு தாளை வைத்தார். "எண்ணிக்கைய வாபஸ் வாங்கறதுக்கான உறுதிமொழி."

யூஜின் படித்தார். மறுபடி படித்தார். "இது என்ன? 'மேற்படி நாளில் மேற்படி சாலையில் வாகனம் எதுவும் செல்லவில்லை'ன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அது பொய்."

"பொய் இல்ல, திருத்தம். இங்க பாருங்க, அந்த எண்ணிக்கை பிரஸ்ஸல்ஸுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கே போயாச்சு. இணைப்பு நாலுல இருக்கு. அங்க போன எண்ணை விளக்க முடியாது. வாபஸ் வாங்கத்தான் முடியும்."

"கொறச்சுப் போடுங்க. ஏழு காரும் தபால் வேனும் நெஜமாவே வழக்கமாப் போறது. அத வெச்சுக்கங்க."

"கொறைக்கணும்னா அதே நாளை மறுபடி எண்ணிப் பாக்கணும். அந்த நாள் முடிஞ்சுபோச்சே." ஹாலினன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அதனால பூஜ்யம். அது ஒண்ணுதான் ஆதாரம் கேக்காத எண்."

"சவ வண்டியுமா?"

"எல்லாம்."

"அப்ப மெல்லை யாரும் கொண்டுபோகல. அவர் பின்னால யாரும் வரல. அப்படின்னு நான் கையெழுத்துப் போடணும்." யூஜின் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஒரு தடவை கட்டைவிரலால செஞ்சது போதும். பேனாவால வேற செய்ய மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

"எண்ணினவர்தான் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வரலேன்னா வயலத் தோண்ட இயந்திரம் வந்துடும், சார். நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. ஆரம்பிக்கிற அதிகாரம் மட்டுந்தான் எங்க பிரிவுக்குக் கொடுத்திருக்காங்க."

இரண்டு பேரும் டிம்ப்னாவைப் பார்த்தார்கள். அவள் தாளை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். ஜன்னலுக்கு வெளியே பதினோரு பசுவும் காய்ந்த நிலத்தில் ஒரே திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன.

"அந்த முந்நூத்துப் பத்துப் பக்கத்துலேர்ந்தும் அறுபத்து மூணு போயிடுமா?"

"எல்லாத்துலேர்ந்தும் போயிடும் மேடம். கம்ப்யூட்டர்லேர்ந்தும்."

அவள் தாளை மேசையில் வைத்து, கையால் நீவிவிட்டாள். ரொம்ப நேரம் நீவினாள், மடிப்பே இல்லாத தாளை.

"போடு யூஜின்."

"டிம்ப்னா..."

"மாடு எண்ணிக்கையத் தின்னாது. போடு. எனக்குத் தெரியும், போதும்."

யூஜின் போட்டார். பால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஒரு கேன் கூடக் குறைத்து எழுதாத கை, நானூற்றுப் பன்னிரண்டு காரையும் அறுபத்து மூன்று லாரியையும் ஒரு மனிதரையும் ஒரே வரியில் இல்லாமல் செய்தது. கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

ஹாலினன் தாளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் ஏதோ நினைவு வந்து திரும்பினார்.

"நீங்க கவலைப்பட வேணாம் யூஜின்," என்றார். முதல் தடவையாகச் சரியான பெயர். "உங்க வருகைப் பதிவ நாங்க தொடல. அது வேற பிரிவு. அக்டோபர் பதினெட்டு, ஏழு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் நீங்க அந்த ரோட்டுல இருந்தீங்கங்கறது அப்படியே நிக்கும்."

கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. டிம்ப்னா ஹாலினன் குடித்த கோப்பையை எடுத்துக் கழுவினாள். துடைத்தாள். யூஜினுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அவருடைய ஆறிப்போன டீயின் மேல் சூடாகக் கொஞ்சம் ஊற்றினாள்.

"அப்ப அரசாங்கக் கணக்குப்படி," என்றாள், "மெல் சாவுக்கு வந்தது மொத்தமே ஒரு ஆள்."

யூஜின் தலையைத் தூக்கவில்லை.

"டீயக் குடி. நீயாவது வந்தியே, யூஜின்."